ஒரே கிருமி, ஒருவருக்குக் காய்ச்சல், இன்னொருவருக்கு ஒன்றுமில்லை: உடலுக்குள் என்னதான் நடக்கிறது?

வீட்டில் நான்கு பேர், எல்லோரும் சுவாசிப்பது ஒரே காற்று. ஒருவர் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டார், இன்னொருவருக்கு இரண்டு நாள் தொண்டை கரகரப்பு, மற்ற இருவருக்கும் ஒன்றுமே இல்லை. அப்படியானால் கிருமி உள்ளே போய் என்னதான் செய்கிறது, உடலைத் தின்கிறதா, காய்ச்சல் விட்டுவிட்டால் கிருமியும் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: கிருமி உள்ளே நுழைவதும் நோய் வருவதும் ஒன்றா? இல்லை. மருத்துவ நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். நோயாளிகளிடமிருந்து வரும் ரத்தம், சளி, சீழ், சிறுநீர் இவற்றில் எந்தக் கிருமி இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. வளர்ப்புத் தட்டில் ஏதோ ஒரு கிருமி வளர்ந்துவிட்டது என்பதற்காக அதுதான் நோய்க்குக் காரணம் என்று எழுதிக் கொடுத்துவிட முடியாது என்பதுதான் இந்த வேலையில் சேர்ந்தவுடன் கற்றுக்கொள்ளும் முதல் பாடம்.

ஏனென்றால் ஆரோக்கியமாக இருக்கும்போதே நம் உடம்பு முழுக்க நுண்ணுயிரிகள்தான். ஒரு பெரியவர் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன என்று 2016-ல் வந்த ஒரு கணக்கு சொல்கிறது. நம் சொந்த செல்களின் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதில் பெரும்பகுதி பெருங்குடலில் இருக்கிறது. அவை சாதுவானவை மட்டும் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவைப் பத்துப் பேரில் சுமார் மூன்று பேர் மூக்குக்குள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் சுமந்துகொண்டு திரிகிறார்கள். அதே கிருமி தோலில் ஒரு வெட்டுக்காயம் வழியாக உள்ளே போனால் கட்டி, ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. குடலில் அமைதியாக வாழும் ஈ.கோலை சிறுநீர்ப் பாதைக்குள் ஏறிவிட்டால் எரிச்சலும் காய்ச்சலும் வருகின்றன. ஆகவே எந்தக் கிருமி என்று கேட்பதோடு, எந்த இடத்தில், எவ்வளவு, யாருடைய உடலில் என்றும் சேர்த்தே கேட்க வேண்டும்.

வெளியிலிருந்து வரும் கிருமிக்கு முதல் வேலை உள்ளே நுழைந்து தங்குவது. அது அவ்வளவு லேசில்லை. தோல் முழுதாக இருக்கும் வரை பெரும்பாலான கிருமிகளால் அதைத் தாண்ட முடியாது. மூச்சுக்குழாயில் சளி கிருமிகளைப் பிடித்துக்கொள்ள, அங்குள்ள நுண்ணிய மயிரிழைகள் அந்தச் சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. இரைப்பையில் அமிலம் இருக்கிறது. இந்த அமிலம் எவ்வளவு பெரிய காவல் என்பது காலரா விஷயத்தில் தெரிந்தது. ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குக் காலராக் கிருமியைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், நோய் வர கோடிக்கணக்கான கிருமிகள் தேவைப்பட்டன. அமிலத்தைத் தணிக்கும் சோடா உப்போடு சேர்த்துக் கொடுத்தபோது அதைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைவான எண்ணிக்கையே போதுமானதாக இருந்தது. ரத்தபேதியை உண்டாக்கும் ஷிகெல்லாவோ அமிலத்தைத் தாங்கக்கூடியது. 10 முதல் 100 கிருமிகளே போதும், நோய் வந்துவிடும். சின்னக் குழந்தைகள் இருக்கும் இடங்களில் ஷிகெல்லா கை மூலமாகவே பரவுவது இதனால்தான்.

உள்ளே நுழைந்த கிருமி எதையாவது பற்றிக்கொள்ளவும் வேண்டும், இல்லாவிட்டால் சளியோடும் சிறுநீரோடும் வெளியே அடித்துச் செல்லப்படும். சிறுநீர்ப் பாதையில் தொற்றும் ஈ.கோலை வகைகளின் உடலில் மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் நுனி அங்குள்ள செல்களின் மேல் இருக்கும் குறிப்பிட்ட சர்க்கரை மூலக்கூறுகளை மட்டுமே பிடிக்கும். வைரஸ்கள் இதில் இன்னும் கறாரானவை. மனிதரிடம் பரவும் இன்ஃபுளுயென்சா வைரஸ் பற்றும் சியாலிக் அமில (செல்களின் மேல் இருக்கும் ஒரு சர்க்கரை) வகை நம் மூக்கு, தொண்டைப் பகுதியில் நிறைய இருக்கிறது. பறவைக் காய்ச்சல் வைரஸ் விரும்பும் வகை நம் நுரையீரலின் ஆழத்தில்தான் அதிகம். அந்த வைரஸ் மனிதருக்குத் தொற்றினால் கடுமையான நிமோனியா வருவதற்கும், ஆனால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எளிதில் தாவாமல் இருப்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். பற்றும் இடமே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். சிவப்பணுவின் மேல் டஃபி என்ற புரதம் இல்லாதவர்களை மலேரியாவின் ஒரு வகையான வைவாக்ஸ் பெரும்பாலும் தொடுவதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் மிகப் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்கள். எச்ஐவி பற்றிக்கொள்ளும் சிசிஆர்5 என்ற புரதம் மரபணுக் காரணத்தால் இல்லாமல் பிறந்தவர்களின் செல்லுக்குள் எச்ஐவியின் பெரும்பாலான வகைகளால் நுழைய முடியாது. உங்கள் கேள்விக்கான விடையில் ஒரு பகுதி இங்கேயே வந்துவிடுகிறது: சிலருடைய உடலில் சில கிருமிகளுக்குக் கதவே கிடையாது.

சரி, நுழைந்தாயிற்று, பற்றிக்கொண்டாயிற்று. நோய் எப்படி வருகிறது? தின்கிறதா என்று கேட்டீர்கள். உண்மையிலேயே அப்படிச் செய்யும் கிருமி ஒன்று இருக்கிறது. சீதபேதியை உண்டாக்கும் என்டமீபா ஹிஸ்டோலிட்டிகா என்ற அமீபா, குடலின் உயிருள்ள செல்களைத் துண்டு துண்டாகக் கடித்து விழுங்கிக் கொல்கிறது என்று 2014-ல் நுண்ணோக்கியின் கீழ் காட்டினார்கள். ஆனால் இது விதிவிலக்கு. பெரும்பாலான கிருமிகள் வேறு வழிகளில்தான் கெடுதல் செய்கின்றன.

காலராவையே எடுத்துக்கொள்வோம், இது எனக்கு மிகவும் தெளிவான உதாரணம். காலராக் கிருமி குடல் செல்லுக்குள் நுழைவதே இல்லை. ரத்தத்துக்கும் போவதில்லை. சிறுகுடலின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு ஒரு நச்சை மட்டும் வெளியிடுகிறது. அந்த நச்சுக்கு ஆறு பாகங்கள். ஐந்து பாகங்கள் வளையமாகச் சேர்ந்து செல்லின் மேல் உள்ள ஒரு கொழுப்பு மூலக்கூறைப் பற்றிக்கொள்ள, ஆறாவது பாகம் உள்ளே போகிறது. உள்ளே போனதும், தேவையானபோது மட்டும் இயங்கி அடங்க வேண்டிய ஒரு புரதத்தை அடங்கவே முடியாதபடி மாற்றிவிடுகிறது. திறந்த குழாயை மூட முடியாமல் போனது மாதிரி, செல் குளோரைடை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அதன் பின்னால் சோடியமும் தண்ணீரும் போகும். கடுமையான காலராவில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை இப்படி வெளியேறலாம். ஆச்சரியம் என்னவென்றால், அந்த நேரத்தில் குடல் சவ்வைக் கொஞ்சம் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் செல்கள் முழுதாகவே இருக்கும், எங்கும் புண் இருக்காது. ஆள் இறப்பது நீர் இழப்பால். இந்த நச்சு இருப்பதை 1959-ல் கல்கத்தாவில் விஞ்ஞானி சம்பு நாத் டே முயலின் குடலில் நிரூபித்தார். கிருமிகளையே வடிகட்டி எடுத்துவிட்ட வளர்ப்பு நீரைச் செலுத்தியபோதும் குடலில் நீர் கோத்துக்கொண்டது. இதில் இன்னொரு செய்தியும் உண்டு. குடல் செல் சர்க்கரையையும் சோடியத்தையும் சேர்த்து உள்ளிழுக்கும் தனிப் பாதை ஒன்றை இந்த நச்சு தொடுவதில்லை. உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தால் உயிர் பிழைப்பது அந்தப் பாதை வழியாகத்தான். 1971-ல் வங்காள எல்லையிலிருந்த அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகலநாபிஸ் அதைப் பெரிய அளவில் செய்து காட்டினார். கிருமியைக் கொல்லாமலேயே நோயாளியைக் காப்பாற்றும் சிகிச்சை அது.

டெட்டனஸும் இதே வகைதான், நச்சு போய்ச் சேரும் இடம் மட்டும் வேறு. மண்ணிலிருந்து ஆழமான காயத்துக்குள் போகும் அந்தக் கிருமி காயத்தைவிட்டு நகர்வதில்லை. அதன் நச்சு நரம்பு வழியாக மேலேறி முதுகுத்தண்டுக்குப் போய், தசைகளைத் தளர்த்தச் சொல்லும் சைகைகளை நிறுத்திவிடுகிறது. எல்லாத் தசைகளும் ஒரே நேரத்தில் இறுகுவது அதனால். நோயை உண்டாக்கப் போதுமான நச்சின் அளவு மிக மிகச் சிறியது, உடல் அதை அடையாளம் கண்டு எதிர்ப்பை வளர்த்துக்கொள்ளக்கூட அது போதாது. டெட்டனஸ் வந்து பிழைத்தவருக்கும் தடுப்பூசி போடச் சொல்வது இதற்காகத்தான். (துருப்பிடித்த ஆணியில் துருவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆணி ஆழமாகக் குத்துவதும் அதில் மண் ஒட்டியிருப்பதும்தான் விஷயம்.)

வைரஸ்களும் மலேரியா ஒட்டுண்ணியும் செல்லுக்குள்ளேயே போய்ப் பெருகுபவை. மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் பெருகி அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும்போது காய்ச்சல் ஏறுகிறது; வைவாக்ஸ் வகையில் இது 48 மணி நேரத்துக்கு ஒருமுறை. போலியோ வைரஸ் தசையை இயக்கும் நரம்பு செல்லை அழித்துவிட்டால் அந்தச் செல் திரும்ப வளராது.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பது. நோய் என்று நாம் உணர்வதில் பெரும்பகுதி நம் உடலே செய்வது. கட்டியிலிருந்து எடுத்த சீழில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, பாக்டீரியாக்களைப் பிரித்துக் காட்டும் 'கிராம்' சாயம் ஏற்றி, 1000 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். கிருமிகள் ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாக அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரியும். பார்வைப் புலம் முழுவதும் நிறைந்திருப்பது இளஞ்சிவப்பு நிற வெள்ளையணுக்கள். சில வெள்ளையணுக்களுக்குள் விழுங்கப்பட்ட கிருமிகளும் இருக்கும். நிறைய வெள்ளையணுக்கள் செத்து உருவழிந்து கிடக்கும். சீழ் என்பது அநேகமாக நம்முடைய செல்கள்தான். கட்டியின் வலி, சூடு, வீக்கம் மூன்றும் அந்த வெள்ளையணுக்களை அங்கே வரவழைக்க உடல் செய்த ஏற்பாடு.

காய்ச்சலும் அப்படியே. வெள்ளையணுக்கள் கிருமியைக் கண்டவுடன் வெளியிடும் சில புரதங்கள், மூளையில் ஹைப்போதலாமஸ் பகுதியில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்க வைக்கின்றன. உடலின் வெப்ப இலக்கு 37 டிகிரியிலிருந்து 39-க்கு ஏற்றப்படுகிறது. அந்த நிமிடத்தில் உடல் 37-லேயே இருப்பதால் மூளைக்கு அது குளிராகத் தெரிகிறது, நடுக்கம் எடுக்கிறது. பாராசிட்டமால் செய்வது அந்த இலக்கை இறக்குவது மட்டும்தான். கிருமியை அது ஒன்றும் செய்வதில்லை.

இதற்கு இன்னும் தெளிவான சாட்சி ஹெபடைட்டிஸ் பி. அந்த வைரஸ் கல்லீரல் செல்லை நேரடியாகக் கொல்வதில்லை. தொற்றிய செல்களை நம் தடுப்பு அணுக்கள் தேடிப்பிடித்து அழிக்கும்போதுதான் மஞ்சள் காமாலை வருகிறது. பெரியவர்களுக்குத் தொற்றினால் பலருக்குக் காமாலை வரும், ஆனால் 100-ல் 95 பேர் வைரஸை ஒழித்தும் விடுவார்கள். பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றிய குழந்தைக்கோ அநேகமாக ஒரு அறிகுறியும் இருக்காது. ஆனால் 10 குழந்தைகளில் 9-ன் உடலில் வைரஸ் நிரந்தரமாகத் தங்கிவிடும். பல வருடங்கள் கழித்து அதுவே ஈரல் சுருக்கமாகவும் புற்றுநோயாகவும் மாறலாம். அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி. அறிகுறி இல்லை என்பது நல்ல செய்தியாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. காசநோயில் நுரையீரலில் குழி விழுவதிலும் பெரும்பங்கு தடுப்பாற்றலின் போராட்டத்துக்குத்தான். தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று வந்து போன இரண்டு மூன்று வாரம் கழித்துச் சில குழந்தைகளுக்கு இதய வால்வைத் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சல் வருகிறது. கிருமிக்கு எதிராக உண்டான ஆன்டிபாடிகள் (எதிர்ப்புப் புரதங்கள்) இதயத் திசுவையும் எதிரியாக எடுத்துக்கொள்வதே அதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. தொற்றினால் உறுப்புகளே செயலிழக்கும் செப்சிஸில் நடப்பதும் உடலின் எதிர்வினை கட்டுமீறிப் போவதுதான். 'நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' என்று சொல்லி விற்கப்படும் எதைப் பார்த்தாலும் எனக்கு உறுத்துவது இதனால்தான். எதிர்ப்பு கூடினால் நல்லது என்பது கணக்கே இல்லை. சரியான இடத்தில், சரியான அளவில், சரியான நேரத்தில் அடங்கவும் தெரிந்த எதிர்ப்புதான் வேண்டும். தடுப்பூசி குறிப்பிட்ட ஒரு கிருமிக்கு எதிராக அதைத்தான் பயிற்றுவிக்கிறது.

அப்புறம், ஏன் ஒருவருக்கு மட்டும் என்ற கேள்வி. இது பழைய கேள்வி. 1892-ல் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, காலராவுக்குக் கிருமி மட்டும் காரணம் ஆகாது என்று காட்டுவதற்காகக் காலராக் கிருமி வளர்த்த திரவத்தையே குடித்தார். லேசான வயிற்றுப்போக்கோடு தப்பித்தார். அதே சோதனையைச் செய்துகொண்ட அவருடைய மாணவருக்குப் பாதிப்பு அதைவிட அதிகமாக இருந்தது. கிருமியின் பங்கைக் குறைத்து மதிப்பிட்டது அவருடைய பிழை. ஆனால் கிருமி மட்டும் முழு விளக்கம் ஆகாது என்பதில் அவர் சொன்னது சரி. போலியோ தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே இல்லை, சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் வாதம். உலக மக்களில் சுமார் கால்வாசிப் பேருக்குக் காசநோய்க் கிருமி தொற்றியிருக்கிறது, அவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக வெளிப்படும்.

இதில் உறுதியாகச் சொல்லக்கூடியவை: உள்ளே போன கிருமியின் அளவு, முன்பே அந்தக் கிருமியையோ அதன் தடுப்பூசியையோ உடல் சந்தித்திருப்பது, வயது, சர்க்கரை நோய், ஊட்டச்சத்துக் குறைவு, எச்ஐவி, புகைபிடித்தல், தடுப்பாற்றலை அடக்கும் மருந்துகள். இவை ஒவ்வொன்றும் முடிவை மாற்றும். தூக்கமும் சேரலாம் என்று நம்ப இடமிருக்கிறது. 2015-ல் வந்த ஓர் ஆய்வில் 164 தன்னார்வலர்களின் மூக்கில் சளி வைரஸை விட்டுப் பார்த்தார்கள். 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட 6 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேலாக இருந்தது. ஆனால் தூக்கத்தை வேண்டுமென்றே குறைத்துப் பார்த்த சோதனை அல்ல அது. ஆகவே தூக்கக்குறைவுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

மரபணுக்கள் உட்பட, ஒருவர் உடலிலேயே இருக்கும் வேறுபாடுகளின் பங்கு இன்னும் முழுதாகத் தெளிவாகவில்லை. கோவிட்-19 கடுமையான சிலரை ஆராய்ந்தபோது, சுமார் 10-ல் ஒருவரிடம், வைரஸுக்கு எதிரான முதல் எச்சரிக்கைப் புரதமான இன்டர்ஃபெரானையே முடக்கும் ஆன்டிபாடிகள் இருந்தது 2020-ல் தெரியவந்தது. அவர்களுக்கே தெரியாமல் முன்பிருந்தே அவை உடலில் இருந்திருக்கின்றன. மீதி 9 பேருக்கு ஏன் கடுமையானது என்பதற்கு வயது, சர்க்கரை நோய் போன்றவை ஓரளவு விடை. முழு விடை இன்னும் இல்லை. குடல் பாக்டீரியாக்களின் பங்கும் இப்படித்தான். ஆன்டிபயாடிக் அவற்றை அழித்த பிறகு கிளாஸ்டிரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா பெருகிக் கடும் வயிற்றுப்போக்கு வருவது உறுதியான உண்மை. அதற்கு மேல், இன்ன பாக்டீரியா கூடினால் இன்ன நோய் வராது என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை இன்னும் ஆராய்ச்சிக் கட்டத்தில் இருப்பவை. உங்கள் வீட்டில் வந்தது எந்தக் கிருமி என்று பரிசோதனை இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. அந்த இருவருக்குத் தொற்றவே இல்லையா, தொற்றியும் அறிகுறி இல்லாமல் கடந்ததா என்பதையும் இங்கிருந்து சொல்ல வழியில்லை.

கடைசியாக, காய்ச்சல் விட்டால் கிருமி போய்விட்டதா என்பது. சாதாரண சளிக்காய்ச்சலில் பெரும்பாலும் ஆம். சொல்லப்போனால், வைரஸ் போன பிறகும் வறட்டு இருமல் சில வாரங்கள் நீடிப்பது சகஜம். அதற்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. ஆனால் எல்லா நோயும் அப்படியில்லை. காசநோயில் மருந்து தொடங்கிச் சில வாரங்களில் காய்ச்சலும் இருமலும் அடங்கும். கிருமி மிக மெதுவாகப் பெருகுவது, மருந்துக்குச் சிக்காமல் பதுங்கவும் கூடியது, எனவே வழக்கமான சிகிச்சை 6 மாதம். வைவாக்ஸ் மலேரியா ரத்தத்திலிருந்து நீங்கினாலும் கல்லீரலில் உறங்கிக் கிடந்து மாதங்கள் கழித்துத் திரும்பலாம், அதற்குத் தனி மருந்து தேவை. டைஃபாய்டு குணமான சிலருடைய பித்தப்பையில் கிருமி வருடக்கணக்கில் தங்கி மலத்தோடு வெளியேறிக்கொண்டிருக்கும்.

டெங்குவை மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும். அதில் ஆபத்து தொடங்குவதே பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான். வைரஸ் குறைந்துகொண்டிருக்கும், ஆனால் எதிர்வினையின் விளைவாக ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும், பொதுவாக நோயின் 3-ஆம் நாளுக்கும் 7-ஆம் நாளுக்கும் இடையில். காய்ச்சல் விட்ட அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில் கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், வேகமான மூச்சு, மயக்கம் அல்லது அமைதியின்மை இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.